மலையகத்தில் காதி நீதிமன்றமும் சமரசமும்

மலையகம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளரின் ஊதியம், குடியுரிமை, தொழிற்சங்கம் ஆகிய மூன்றையும் சுற்றியே அமைந்துள்ளன. அதற்குத் தக்க காரணமும் உண்டு. ஆயினும், அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, நுவரெலியா முதலிய நகரங்களின் கடைத்தெருக்களிலும், சிறு தொகையினராய்ச் சூழவுள்ள தோட்டங்களிலும் வாழும் முஸ்லிம் மக்களின் குடும்ப வாழ்வு அவ்வாய்வுகளில் இடம்பெறுவது அரிது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நுவரெலியா மாவட்டத்தில் இவர்கள் நூற்றுக்கு மூவர் அளவினரே. தொகை சிறிதென்பதால் இவர்தம் குடும்பப் பிணக்குகள் எங்கே, யாரால், எவ்வாறு தீர்க்கப்படுகின்றன என்ற வினாவும் சிறிதாகிவிடாது. உண்மையில், இங்குள்ள முஸ்லிம் சமூகம் சிறியதாகவும் சிதறியதாகவும் இருப்பதே அவ்வினாவைக் கூர்மையாக்குகிறது என்பது நமது கருத்து.

இப்பிணக்குகளைத் தீர்க்கும் சட்டபூர்வமான நிறுவனம் காதி நீதிமன்றம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அதற்கு அதிகாரம் வழங்குகிறது. காதியின் அதிகாரங்களைக் கூறும் 47ஆம் பிரிவில் மஹர், மனைவிக்கும் பிள்ளைகளுக்குமான தாபரிப்பு, இத்தாக் காலச் செலவு, பிள்ளைப்பேற்றுச் செலவு, கைக்கூலி ஆகியவை பற்றிய கோரிக்கைகளோடு, கணவன் மனைவியரிடையே சமரசம் செய்து வைக்குமாறு கோரும் விண்ணப்பமும் ஒன்றாக இடம்பெற்றுள்ளது. அதாவது, சமரசமும் தீர்ப்பும் ஒரே பட்டியலில், ஒரே மனிதரின் கையில் ஒப்படைக்கப்பட்டுள்ளன. காதி நடுவராக அமர்ந்து இருவரையும் சேர்த்துவைக்க முயல்கிறார். அது கைகூடாவிடின், அதே நாற்காலியில் அமர்ந்து நீதிபதியாகித் தீர்ப்பும் வழங்குகிறார். இவ்விரட்டை நிலையே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

(இடையில் ஒரு சொல்லைப் பற்றி. இன்றைய எழுத்துத் தமிழில் கைக்கூலி என்பது இலஞ்சத்தையோ, பணத்திற்காகப் பிறர்க்கு ஏவல் செய்வோரையோ குறிக்கும். இலங்கைச் சட்டத்திலோ அது மணமகள் சார்பில் மணமகனிடம் ஒப்படைக்கப்படும் பணத்தையும் அசையும் பொருளையும் குறிக்கும் சட்டச்சொல். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சட்டத்திலும் அது தமிழ்ச்சொல்லாகவே நிற்கிறது. அரபு மூலத்தில் இல்லாத வழக்கமொன்று உள்ளூர்ப் பெயரோடு முஸ்லிம் சட்டத்துள் நுழைந்தமைக்கு இது நல்ல சான்று.)

வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். ஒல்லாந்தர் பத்தாவியாவில் தொகுத்த முஸ்லிம் சட்டத் தொகுப்பு 1770 அளவில் இலங்கைக்கு வந்தது. அதனை அடியொற்றி ஆங்கிலேயர் 1806இல் வெளியிட்ட முகம்மதியச் சட்டக்கோவை முதலிற் கொழும்பு மாகாணத்து முஸ்லிம்களுக்கே உரியதாயிருந்தது. 1852இல்தான் அது கண்டிப் பிரதேசங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அது கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டில் வேரூன்றிய காலம். பொதிமாட்டுத் தவளங்களோடு மலையேறிய முஸ்லிம் வணிகர் கண்டி இராச்சியக் காலத்திலேயே இங்கு அறிமுகமானவர்கள். புகையிரதம் 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியபின், தோட்டங்களுக்கு அரிசியும் துணியும் விற்கும் கடைத்தெருக்கள் எழுந்தன. அவற்றோடு தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த வணிகரும் பெருகினர். இலங்கை ரைபிள் படை 1873இற் கலைக்கப்பட்டபின் வேலையிழந்த மலாயர் பலர் தோட்டங்களில் மேற்பார்வையாளர்களாகவும் தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தர்களாகவும் அமர்ந்தனர். எனவே மலையக முஸ்லிம் சமூகம் தொடக்கத்திலிருந்தே ஒருபடித்தானதன்று.

இதனாற் சட்டச் சிக்கலொன்றும் எழுகிறது. இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பான்மையோர் ஷாபி மத்ஹபினர், மலாயரும் அவ்வாறே. தமிழகத்து இராவுத்தர் குடும்பங்களோ பெரும்பாலும் ஹனபிகள். 1951ஆம் ஆண்டுச் சட்டம், தான் வெளிப்படையாகக் கூறாத விடயங்களில் அவரவர் சார்ந்த மத்ஹபின் சட்டமே செல்லும் என்கிறது. ஷாபிப் பெண்ணின் திருமணத்துக்கு வலி என்னும் பாதுகாவலர் இன்றியமையாதவர். வயதடைந்த ஹனபிப் பெண் அவரின்றியும் தன் திருமணத்தை ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஒரே கடைத்தெருவில் அடுத்தடுத்து வாழும் இரு குடும்பங்களின் பெண்களுக்கு இரு வேறு உரிமைகள். இவர்களின் பிணக்கைக் கேட்கும் காதிக்கு இரு மரபுகளும் தெரிந்திருத்தல் வேண்டும். ஆனால், சட்டம் காதியிடம் எதிர்பார்க்கும் தகுதி அவர் நல்லொழுக்கமும் மதிப்பும் தக்க தகைமையுமுள்ள முஸ்லிம் ஆணாயிருத்தலே. சட்டக் கல்வி கட்டாயமன்று.

1929ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் 1937இல் நடைமுறைக்கு வந்தபோது காதி முறை இன்றைய வடிவைப் பெறத் தொடங்கியது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் 1954இல் அதன் இடத்தைப் பிடித்தது. இச்சட்டம் நிறைவேறிய காலம் கவனத்துக்குரியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தொழிலாளரை மட்டுமன்றி இந்தியச் சோனகரையும் நாடற்றோராக்கியிருந்தது. மூன்றாண்டுகளின் பின் இயற்றப்பட்ட முஸ்லிம் விவாகச் சட்டமோ தன் எல்லையை வரையறுக்கையில் குடியுரிமையைப் பற்றிப் பேசவில்லை. இலங்கையில் வசிக்கும் முஸ்லிம்கள் யாவர்க்கும் இது உரியது என்றே கூறிற்று. வாக்குரிமை இழந்து, நாடற்றவராய் நின்ற ஒருவருக்கும் காதியின் வாயில் அடைக்கப்படவில்லை. சட்டத்தை இயற்றியோர் இதனை எண்ணித்தான் செய்தனரா என்பது வேறு. மலையகத்தைப் பொறுத்தவரையில் இது பெறுமதி வாய்ந்த வசதி. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தை அடுத்து 1964இன் பின் குடும்பங்கள் கடலின் இரு கரையிலுமாகப் பிரிந்த காலத்தை எண்ணினால் இதன் பெறுமதி இன்னும் விளங்கும்.

இனிச் சமரசத்தின் மூலத்தை நோக்குவோம். இஸ்லாமிய நீதிமரபில் ஸுல்ஹ் என்னும் இணக்கத்துக்குத் தனியான இடமுண்டு. குர்ஆனின் நான்காம் அத்தியாயத்து 35ஆம் வசனம், கணவன் மனைவியரிடையே பிளவு நேருமென அஞ்சினால் கணவன் குடும்பத்தினின்று ஒருவரையும் மனைவி குடும்பத்தினின்று ஒருவரையும் நடுவராக நியமிக்கச் சொல்கிறது. ஹகம் எனப்படும் இந்நடுவர்களின் அதிகாரம் யாது என்பதில் சட்ட அறிஞர் வேறுபட்டனர். மாலிக்கி மத்ஹபினர் அவர்கள் மணத்தை முறிக்கவும் வல்லவர் என்றனர். ஹனபிகள் அவர்களைக் கட்சிக்காரரின் முகவர்களாகவே கொண்டனர். ஷாபி மத்ஹபில் இரு கருத்தும் உண்டெனினும் முகவர் என்பதே வலுவானது. 19ஆம் நூற்றாண்டில் உதுமானியப் பேரரசு தொகுத்த மஜல்லா என்னும் சட்டக்கோவையும் உறவினரிடை வழக்கில் முதலில் இணக்கத்தைப் பரிந்துரைக்குமாறு நீதிபதிக்குக் கூறுகிறது. இவ்வெல்லாவற்றிலும் நாம் கவனிக்க வேண்டியது, வசனம் கூறும் முறையில் நடுவர் இருவர் என்பதும், அவருள் ஒருவர் பெண்ணின் பக்கத்தவர் என்பதும் ஆகும்.

இலங்கைச் சட்டம் இதனை எவ்வாறு உருமாற்றியது? கணவன் தலாக் கூற விரும்பின், மனைவி வசிக்கும் பகுதியின் காதிக்கு முதலில் அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்கிறது இரண்டாம் அட்டவணை. அதன்பின், உறவினர், முதியோர், அப்பகுதியின் செல்வாக்குள்ள முஸ்லிம்கள் ஆகியோரின் துணையோடு இருவரையும் இணக்க முயல்வது காதியின் கடமை. 30 நாட்களுள் இணக்கம் ஏற்படாவிடின், கணவன் காதியின் முன்னிலையிலும் இரு சாட்சிகளின் முன்னிலையிலும் தலாக்கைக் கூறலாம். தலாக்குக்குக் காரணம் காட்ட வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை.

செல்வாக்குள்ள முஸ்லிம்கள் என்ற சொற்றொடரில் சற்றே தங்க வேண்டியிருக்கிறது. கிழக்கிலங்கையிலோ கொழும்பிலோ செல்வாக்கு என்பது நிலம், கல்வி, உத்தியோகம், மார்க்க அறிவு எனப் பலவாகப் பகிரப்பட்டிருக்கும். மலையகத்துக் கடைத்தெருவில் அதன் பொருள் ஏறத்தாழ ஒன்றே: கடையின் உரிமை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் அமர்பவரும், கடைச்சிப்பந்திக்கு வேலை கொடுப்பவரும், தோட்டத்துக் குடும்பத்துக்குக் கடன்கணக்கில் சாமான் கொடுப்பவரும் பல வேளைகளில் ஒரே வட்டத்தினர். சட்டம் சமரசத்துக்கு அழைக்கும் செல்வாக்கு, பிணக்காளரில் ஒருவருக்கு முதலாளியாகவும் மற்றவருக்குக் கடன்கொடுத்தோராகவும் அமைந்துவிடுதல் இங்கு வியப்பன்று. உற்பத்தி உறவுகளை ஒதுக்கிவைத்துச் சமரசத்தைப் பற்றிப் பேசுவோர் இதனைக் காணத் தவறுகின்றனர்.

நிலைமையொன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் முஸ்லிம் பெண் ஒருத்தி. கணவன் நகரத்துத் துணிக்கடையிற் சிப்பந்தி. அவன் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான், பணமும் தருவதில்லை. அவள் தாபரிப்புக் கோரிக் காதியிடம் செல்கிறாள். காதி முழுநேர நீதிபதி அல்லர். அதிபராகவோ வணிகராகவோ இளைப்பாறிய உத்தியோகத்தராகவோ இருப்பவர், ஒதுக்கிய நாளில் பள்ளிவாசல் மண்டபத்திலோ தம் வீட்டிலோ அமர்கிறார். விசாரணை வேலைநாளில் வந்தால் அவள் ஒரு நாட் பேரை இழக்கிறாள். மதியத்துக்கு முன் திரும்பினாலும் அரைப்பேர்தான். கணவன் வராவிடின் தவணை. இன்னொரு பேர் போயிற்று.

இவற்றுக்கிடையேயும் அவள் பெறும் நன்மைகளை மறைத்தல் கூடாது. காதி அவள் பேசும் தமிழிலேயே கேட்கிறார். சட்டத்தின் 74ஆம் பிரிவு காதியின் முன் சட்டத்தரணி தோன்றுவதைத் தடுத்துள்ளது. அதனால் அவளுக்குச் சட்டத்தரணிக் கூலி இல்லை, கணவனின் பணபலமும் வழக்கை வாங்கிவிட இயலாது. ஆங்கிலமும் சிங்களமும் ஆட்சி செய்யும் நீதிமன்றக் கட்டடத்தில் வாய்திறக்க அஞ்சும் ஒருத்தி இங்கு பேசுகிறாள். துணிக்கடை முதலாளியை அழைத்து, சிப்பந்தியின் சம்பளத்தில் இவ்வளவை மாதந்தோறும் மனைவிக்குக் கொடுக்கச் செய்யும் வல்லமை மாவட்ட நீதிபதியிடம் உள்ளதைவிட விரைவாகக் காதியிடம் உள்ளது. காதி முறையை இகழ்வோர் பலர் இந்த அண்மையின் பெறுமதியை உணர்வதில்லை. கங்காணியும் துரையும் குடும்ப வழக்கைத் தீர்த்த காலத்தையும், தோட்டத் தலைவர்களும் கோயிற் கமிட்டியும் இன்றும் அவ்வாறு தீர்ப்பதையும் அறிந்தவர்க்கு, எழுத்திற் பதிவாகி, மேன்முறையீட்டுக்கும் உட்பட்ட ஒரு மன்று இருப்பது சிறிய காரியமன்று.

ஆனால் அதே அண்மையே அவளுக்கு எதிராகவும் திரும்புகிறது. சமரச அமர்வில் முதியோர் அவளிடம், பிள்ளைகளின் முகத்துக்காக விட்டுக்கொடு என்கின்றனர். அவள் மானத்துக்கு அஞ்சி, அவர் என்னை அடித்ததில்லை என்று சொல்லிவிடுகிறாள். சமரசம் சில மாதங்களிற் குலைகிறது. இப்போது அவள் பஸஹ் என்னும் விவாகரத்தைக் கோருகிறாள். மூன்றாம் அட்டவணைப்படி காதி மூன்று முஸ்லிம் மதிப்பீட்டாளர்களுடன் அமர்ந்து விசாரிக்க வேண்டும், கணவனின் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும், அவளது சாட்சியத்தை இருவரேனும் உறுதிப்படுத்த வேண்டும். முன்னர் சமரசத்தின்போது அவள் கூறியதைக் காதி மறந்துவிடுவாரா? சாட்சிகள் யாவர்? லயத்தின் மெல்லிய சுவருக்கு அப்பால் எல்லாவற்றையும் கேட்டவர்கள் பெரும்பாலும் இந்துத் தமிழ்ப் பெண்களே. மரபான பிக்ஹு நூல்கள் சாட்சிக்கு விதித்த நிபந்தனைகளை எண்ணுமிடத்து, அவர்களின் சொல் எவ்வளவு எடைபெறும் என்பது காதியின் மனப்போக்கைப் பொறுத்ததாகிவிடுகிறது. தாபரிப்புக் கட்டளை கிடைத்தபின்னும், கணவன் செலுத்தாவிடின், அது நீதவான் நீதிமன்றத்தின் வழியே தண்டப்பணம் போல அறவிடப்பட வேண்டும். அவள் அஞ்சிய அதே கட்டடத்தின் வாசலில் கடைசியில் நிற்கிறாள்.

இங்கு ஒன்று தெளிவாகிறது. சமரசத்தின் தன்மையைத் தீர்மானிப்பது சமரச அறையில் நிலவும் அன்போ கண்டிப்போ அன்று. சமரசம் முறிந்தால் இருவர்க்கும் என்ன நேரும் என்பதே அதனைத் தீர்மானிக்கிறது. கணவனுக்கு முறிவு என்பது 30 நாட்களின் பின் காரணமின்றிக் கிடைக்கும் விடுதலை. மனைவிக்கோ அது குற்றத்தையும் சாட்சியையும் தேடியலையும் நீண்ட வழக்கு. இத்தகைய இருவர் சமரசப் பாயில் ஒன்றாக அமரும்போது, விட்டுக்கொடுக்க வேண்டியவர் யார் என்பது அவர்கள் அமருமுன்னரே முடிவாகிவிடுகிறது. காதி எத்துணை நேர்மையாளராயினும் இதனை மாற்ற வல்லவரல்லர்.

ஒப்பிட ஓர் எடுத்துக்காட்டு நமது நாட்டிலேயே உண்டு. 1958ஆம் ஆண்டின் இணக்க சபைகள் 1978இல் ஒழிக்கப்பட்டபின், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளை ஏற்படுத்தியது. அச்சட்டத்தின் மூலமுறைப்படி பிணக்காளர் ஒவ்வொருவரும் ஒரு மத்தியஸ்தரைத் தெரிந்தெடுக்க, அவ்விருவரும் மூன்றாமவரைத் தெரிந்தெடுப்பர். இணக்கம் ஏற்படாவிடின் அதற்கான சான்றிதழைக் கொடுப்பதோடு அவர்கள் பணி முடிகிறது, தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவர்களுக்கில்லை. மதச்சார்பற்ற இச்சட்டம், முஸ்லிம் விவாகச் சட்டத்தைக்காட்டிலும் குர்ஆன் வசனம் கூறும் இரு நடுவர் அமைப்பை நெருங்கி நிற்பது வரலாற்றின் ஒரு விந்தை. காதி முறையில் தொட்டதெல்லாம் மார்க்கத்தைத் தொட்டதாகும் என வாதிடுவோர் இதனைச் சிந்தித்தல் நன்று.

வெளிநாட்டு அனுபவமும் இத்திசையிலேயே செல்கிறது. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலம் 2002இல் சரீஆ நீதிமன்றங்களில் ஸுல்ஹ் அவையைத் தொடங்கியபோது, சமரசத்துக்கெனத் தனி அலுவலரை நியமித்து நீதிபதியினின்றும் அப்பணியைப் பிரித்தது. 2010இல் அந்நாட்டிற் பெண்கள் இருவர் சரீஆ நீதிபதிகளாகவும் நியமிக்கப்பட்டனர். இந்திய உச்சநீதிமன்றம் ஷமீம் ஆரா வழக்கில், 2002இல், தலாக்குக்கு நியாயமான காரணம் வேண்டும் என்றும், அதற்கு முன் இரு குடும்பத்து நடுவர் வழியே இணக்க முயற்சி நடந்திருத்தல் வேண்டும் என்றும் கூறியது. தமிழகத்தில் புதுக்கோட்டையைத் தளமாகக் கொண்டு தாவூத் ஷரீபா கானம் முன்னின்று உருவாக்கிய முஸ்லிம் பெண்கள் ஜமாஅத், ஆண்களே அமர்ந்த ஜமாஅத்துக்கு எதிரே பெண்கள் தம் வழக்கைத் தாமே கேட்கும் மன்றமாக 2000களில் எழுந்தது. மலையகத் தொழிலாளர் பலரின் மூதாதையர் புறப்பட்ட மண்களுள் புதுக்கோட்டையும் ஒன்று. எனினும் அங்கு நிகழ்ந்தது இங்கு பேசப்படுவதில்லை.

இலங்கையிற் சீர்திருத்தம் பற்றிய பேச்சு நெடியது. 1970களின் தொடக்கத்தில் கலாநிதி எச். எம். இஸட். பாரூக் தலைமையிலும், 1990இல் கலாநிதி ஏ. எம். எம். சஹாப்தீன் தலைமையிலும் குழுக்கள் அமைந்தன. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த குழு 2018இலேயே அறிக்கை அளித்தது. அதிலும் உறுப்பினர் இரு நிலைப்பாடுகளாகப் பிரிந்து நின்றனர். பெண்கள் காதியாகலாமா என்பது பிளவுக்கான பொருள்களில் ஒன்று. 2021இல் காதி முறையையே நீக்கும் முன்மொழிவு அமைச்சரவை மட்டத்தில் எழுந்தது. இவ்விவாதங்களில் ஒரு புறத்தார் காதி நீதிமன்றத்தை உள்ளவாறே காக்க வேண்டும் என்கின்றனர், மறுபுறத்தார் அதனை ஒழிக்க வேண்டும் என்கின்றனர். கொழும்பில் நிகழும் இவ்விவாதத்தில் மலையகத்துக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் அரைப்பேர் கணக்கில் வருவதில்லை. காதி நீதிமன்றம் நீங்கினால் அவள் மாவட்ட நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டும், அங்கு அவளுக்குச் சட்டத்தரணி வேண்டும், பல வேளைகளில் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும். உள்ளவாறே நீடித்தால் மேற்கூறிய சமமின்மையும் நீடிக்கும். சமரசம் செய்பவரையும் தீர்ப்பளிப்பவரையும் பிரிப்பதும், இரண்டிலும் பெண்களுக்கு இடமளிப்பதும், மணத்தினின்று வெளியேறும் வழியை இருவர்க்கும் ஒத்ததாக்குவதும் இவ்விரு முனைகளுக்கு இடைப்பட்ட வழி. அவ்வாறு செய்தபின் காதியின் அண்மையும் தமிழும் அவளுக்கே பயன்படும்.

ஆய்வாளர்க்கு இறுதியாக ஒன்று. விவாகரத்துகள் பதிவேட்டில் ஏறுகின்றன. கைகூடிய சமரசங்கள் அவ்வாறு ஏறுவதில்லை. காதியின் கோப்பில் ஒரு குறிப்பாகவோ, கட்டளையற்ற ஒரு விண்ணப்பமாகவோ அவை நின்றுவிடுகின்றன. காதி ஓய்வுபெறுகையில் கோப்புகள் பல அவர் வீட்டு அலுமாரியிலேயே தங்கிவிடுகின்றன. சேர்த்துவைக்கப்பட்ட குடும்பங்களுள் எத்தனை சேர்ந்தே வாழ்ந்தன, சேர்ந்தபோது யார் எதை விட்டுக்கொடுத்தனர் என்பதை அறிய, பதிவேடுகளுக்கு அப்பால், அட்டனிலும் மஸ்கெலியாவிலும் முன்னாட் காதிகளையும் அவர் முன் நின்ற பெண்களையும் நேரிற் கண்டு கேட்டல் வேண்டும். முன்னவரைக் கேட்பது எளிது. பின்னவரை அவர்தம் லயத்துக்கே சென்று, ஆண்கள் இல்லாத வேளையில், பெண் ஆய்வாளர்தான் கேட்டல் இயலும்.